பௌபஜார் பத்தரும் நியூயார்க் புலியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸில் ஆணி அதிகம் என்பது வழக்கமான சாக்கு. இந்த முறை நிஜமான காரணம் வேற. வீட்டில் ஒரு சின்ன யுத்தம்.

பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறாள். கும்பகோணத்திலிருந்து வந்து இருபது வருஷமா கொல்கத்தாவில் குப்பை கொட்டுகிற குடும்பத்தில் பன்னிரண்டாவது என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்க லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கோச்சிங் கிளாஸ் போகாத பிள்ளையைப் பார்த்தால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, நான் நகை டிசைனர் ஆகப் போறேன். நிஃப்ட் எழுதறேன்" என்றாள். எனக்கு ரசம் புரையேறிடுச்சு.

"நகை டிசைனரா? அது ஆசாரி வேலை இல்லையா?" என்று வாயை விட்டேன்.

"ஆசாரி வேலைன்னா என்னப்பா தப்பு?"

பதில் இல்லை. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையில் ரசம் ஆறிப் போச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கிளம்பியதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

பொண்ணு ஆதாரமாகக் காட்டிய ஆள் சப்யசாச்சி முகர்ஜி. கல்யாணப் புடவை, லெஹங்கா என்றால் இந்தியா முழுக்கச் சொல்கிற பெயர். 1974இல் பிறந்த நம்ம ஊர்க்காரர் (இருபது வருஷம் ஆச்சே, கொல்கத்தாவும் நம்ம ஊர்தான்). நடுத்தரக் குடும்பம். நிஃப்டில் சேர வேண்டும் என்றபோது வீட்டில் சம்மதம் இல்லை. தன் புத்தகங்களை விற்று விண்ணப்பப் பணம் கட்டியதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம்ம வீட்டுப் புத்தக அலமாரி பத்திரம்.

கொல்கத்தா நிஃப்ட் 1995இல்தான் தொடங்கியது. சப்யசாச்சி 1999இல் அங்கே படிப்பை முடித்து, மூன்று பேரை வைத்துக்கொண்டு பட்டறை ஆரம்பித்தார். 2001இல் ஃபெமினா - பிரிட்டிஷ் கவுன்சில் விருது, 2002இல் முதல் ஃபேஷன் வீக். 2005இல் வெளிவந்த 'பிளாக்' படத்தின் உடைகளுக்குத் தேசிய விருது. அதுவரை எல்லாம் துணி. 2017இல் நகைக்கு வந்தார். 2020 ஜனவரியில் அவருடைய நகைகள் நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மேன் கடையில் விற்பனைக்கு வைக்கப்பட்டன. 2021 ஜனவரியில் ஆதித்ய பிர்லா குழுமம் அவருடைய நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை 398 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2022 அக்டோபரில் நியூயார்க்கிலேயே சொந்தக் கடை. அவருடைய சின்னம் வங்கப்புலி. இடுப்புப் பட்டையிலிருந்து தாலி வரைக்கும் அந்தப் புலி உட்கார்ந்திருக்கும். (2021 அக்டோபரில் அந்தத் தாலி விளம்பரம் பெரிய ரகளையாகி, மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் 24 மணி நேரக் கெடு வைத்து, விளம்பரம் வாபஸ் ஆனது ஞாபகம் இருக்கலாம்.)

சரி, ஆள் பெரிய ஆள்தான். ஆனால் எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்த நகைகளைச் செய்வது யார்? அவர் வரைகிறார், கல்லைத் தேர்ந்தெடுக்கிறார், இப்படி வேண்டும் என்கிறார். ஊதுகுழலைப் பிடிப்பது யார்?

அந்தச் சமயம் பார்த்து அம்மாவின் அட்டிகையில் ஒரு கல் விழுந்து, கொக்கியும் விட்டுப்போனது. இங்கே உள்ள ஒரு பெரிய ஷோரூமில் காட்டினோம். ஏசி, சோபா, குளிர்பானம் எல்லாம் ஆச்சு. "இதை ரிப்பேர் செய்ய முடியாது, எடைக்குப் போட்டுட்டு புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். தங்கமணிக்குக் கண் கலங்கிடுச்சு. அட்டிகையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பொண்ணோடு பௌபஜாருக்குப் போனோம்.

பௌபஜார் தெருவுக்கு இப்போது அரசாங்கப் பெயர் பிபின் பிஹாரி கங்குலி தெரு. யாரும் அப்படிச் சொல்வதில்லை. வங்காளத்தில் 'பௌ' என்றால் மனைவி, மருமகள். விஸ்வநாத் மோதிலால் என்ற பணக்காரர் இந்தச் சந்தையைத் தன் மருமகளுக்கு எழுதிவைத்ததால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. மருமகள் சந்தையில் நகைக்கடைகள் குவிந்தது பொருத்தம்தானே! தெருவின் முகப்பில் கண்ணாடி போட்ட கடைகள். சந்துக்குள் திரும்பி இருட்டுப் படிக்கட்டில் ஏறினால், எட்டுக்குப் பத்து அறையில் ஆறு பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிற பட்டறைகள். இங்கே அவர்களுக்குப் பெயர் 'காரிகர்'. பழைய வங்காளச் சொல் 'ஸ்யாக்ரா', அதாவது நம்ம ஊர் பத்தர், தட்டார்.

முதலில் எடைக் கணக்கு புரியணும். இங்கே பவுன் கிடையாது, 'பரி'. ஒரு பரி 11.664 கிராம், ஏறக்குறைய ஒன்றரைப் பவுன். ஒரு பரிக்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 6 ரத்தி. அந்த ரத்தி வேறொன்றும் இல்லை, நம்ம குன்றிமணிதான். ஒரே விதையை வைத்துக்கொண்டு காவிரிக்கரைப் பத்தரும் கங்கைக்கரை ஸ்யாக்ராவும் தங்கம் நிறுத்திருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் தங்கமணி "அஞ்சு பரி"யை அஞ்சு பவுன் என்று நினைத்து "பரவாயில்லையே, மலிவா இருக்கே" என்று சந்தோஷப்பட்டதை இங்கே எழுதினால் எனக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது.

வங்காள நகைகளின் பெயர்களே அழகு. கழுத்தை ஒட்டிய 'சிக்', தொங்கத் தொங்க 'சீதாஹார்', காது முழுவதையும் மறைக்கும் 'கான்பாஷா', விரல் மோதிரங்களைச் சங்கிலியால் மணிக்கட்டோடு இணைக்கும் 'ரத்தன்சூர்'. குறைந்த தங்கத்தில் நிறைய இடம் அடைப்பதுதான் கொல்கத்தா கைவேலையின் சாமர்த்தியம். துளைகள் போட்ட இரும்புத் தகட்டில் பெரிய துளையில் தொடங்கி சின்னத் துளை வரை கம்பியை இழுத்து இழுத்து, மயிரிழை மாதிரி ஆக்கி, அதைச் சுருட்டி, பொடி வைத்து ஊதி ஒட்டுகிறார்கள். ('பொடி வைத்துப் பேசறது' எங்கிருந்து வந்தது என்று இப்போ புரியுதா? பற்றவைக்கிற பொடி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ரெண்டையும் ஒட்டிடும்.) 2025இல் தங்கம் பத்து கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு இந்த மெல்லிய வேலைக்கு மவுசு இன்னும் ஏறியிருக்கிறது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

கொல்கத்தாவில் பெயர் பெற்ற பழைய நகைக்கடை 'ஹாமில்டன் அண்ட் கோ'. 1808இல் ராபர்ட் ஹாமில்டன் தொடங்கியது. வைஸ்ராய்களும் மகாராஜாக்களும் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய வெள்ளிச் சாமான்கள் இன்றும் லண்டன் ஏலங்களில் ஹாமில்டன் முத்திரையைக் காட்டித்தான் விலை போகின்றன. நம்ம மெட்ராஸில் அதே கதை 1849இல் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ். மவுண்ட் ரோட்டில் கைக்கடிகாரம் வாங்கிய கடை என்றுதான் நமக்கு ஞாபகம். ஆனால் அந்தக் காலத்தில் சாமி உருவங்கள் பதித்த 'சுவாமி நகை', வெள்ளிப் பாத்திரங்களுக்கு இங்கிலாந்து வரை பெயர் வாங்கியவர்கள். முத்திரை வெள்ளைக்காரனுடையது, சுத்தியல் நம்ம ஆளுடையது. அந்தச் சுத்தியல்காரர் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அப்போது கைவினைஞர்களை மதித்தவர்களே இல்லையா என்றால் இருந்தார்கள். கொல்கத்தாவில் 1883-84இல் சர்வதேசக் கண்காட்சி நடந்தது. திரைலோக்யநாத் முகர்ஜி என்ற வங்காளி அதிகாரி, 1888 கிளாஸ்கோ கண்காட்சிக்காக இந்தியக் கைவினைகளைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். ஊர், சாதி, வேலை முறை எல்லாம் அதில் உண்டு. ஆனால் கண்காட்சிக் கண்ணாடிப் பெட்டிக்கு ஊர்ப்பெயர் போதுமானதாக இருந்தது. 'கட்டாக் வேலை', 'டாக்கா வேலை', அவ்வளவுதான்.

இது நம்ம நாட்டுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. பாரிஸில் ரெனே லாலிக் என்பவர் 1880களில் கார்ட்டியே, பூஷரோன் மாதிரிக் கடைகளுக்குப் பெயர் போடாமல் வடிவம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். பிறகு சொந்தப் பட்டறை போட்டு, கொம்பு, எனாமல், கண்ணாடி என்று வைரத்தைவிட மலிவான சாமான்களில் தும்பியும் பூவும் செய்து, 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஊரையே தன் பெயரைச் சொல்ல வைத்தார். கல்லின் விலையால் இல்லாமல் செய்தவருடைய கற்பனையால் நகைக்கு மதிப்பு என்பது பரவலானது அவரைப் போன்றவர்களால்தான். 'நகைக் கலைஞர்' என்ற வேலைக்கு அப்படித்தான் முகவரி கிடைத்தது.

நம்ம ஆட்களுக்கு அந்த முகவரி கிடைக்கிற நேரத்தில் வந்து விழுந்தது ஒரு இடி. தங்கக் கட்டுப்பாடு.

1962 சீனப் போருக்குப் பிறகு அன்னியச் செலாவணி இல்லை. கடத்தல் தங்கத்தை ஒழிக்க வேண்டும் என்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டார். இனி 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. 22 காரட் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்று இரண்டு பங்கு தங்கம், 14 காரட் என்றால் வெறும் ஐம்பத்தெட்டு. அந்தக் கலப்பு விறைப்பாக இருக்கும், நம்ம கைவேலைக்கு வளைந்து கொடுக்காது. அதைவிட முக்கியம், வாங்க ஆளில்லை. பதினாலு காரட்டில் யார் தாலி செய்வார்கள்? நாடு முழுக்க லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். தற்கொலைகள் நடந்தன. இங்கே வங்காளத்தில் பட்டறைகள் இழுத்து மூடப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் காமராஜர் திட்டத்தில் மொரார்ஜி பதவி விலக, நிதியமைச்சராக வந்தவர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பழைய நகையை உருக்கி அதே தரத்தில் புதுசு செய்யலாம் என்று விதியைத் தளர்த்தினார். 14 காரட் வரம்பு 1966இல் போனது. ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று தனியாகவே ஒன்று வந்து, லைசென்ஸ், கணக்குப் புத்தகம், சோதனை என்று 1990 வரை நீடித்தது.

அம்மாவின் கல்யாணம் 1963 ஆனி மாசம். சரியாகக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரம். பாட்டியின் காசுமாலையை அழித்து அட்டிகை செய்ய வேண்டும், ஆனால் சட்டப்படி கூடாது. எங்க தெருவுக்கு வருகிற பத்தர் ராத்திரி பத்து மணிக்கு மேல் குமுட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கொல்லைக் கட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒன்பது ராத்திரி வேலை செய்தாராம். கூலியாகப் பாதி பணம், பாதி நெல். மூணாவது மாசம் அவர் வேலையை விட்டுட்டு மகனோடு திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார் என்று அம்மா சொல்வாள். அட்டிகைக்குச் சீட்டு, ரசீது எதுவும் கிடையாது. இதை நான் இப்போ வெளியே சொல்லலாம் என்று நினைக்கிறேன். சட்டமே போய் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு.

அந்த அட்டிகையைத்தான் பௌபஜாரில் ஒரு மாடிப் பட்டறையில் நீட்டினேன். எனக்குத் தெரிந்த ஓட்டை வங்காளத்தில் ஆரம்பித்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். வாங்கிக் கண்ணாடி வைத்துத் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்து, "இது தமிழ்நாட்டு வேலைங்ணா" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரலை. கொல்கத்தா இருட்டுச் சந்தில் கொங்குத் தமிழ்!

மனுஷர் பதினோரு வருஷம் கோயமுத்தூரில் வேலை செய்தவர். சொந்த ஊர் மேற்கு மிதுனாபூர் மாவட்டத்தில் தாஸ்பூர் பக்கம். தாஸ்பூர், காட்டால் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருத்தர் தங்க வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள். மும்பை ஜவேரி பஜார், சூரத், டெல்லி கரோல்பாக், சென்னை சௌகார்பேட்டை, கோயமுத்தூர் எல்லாவற்றிலும் பட்டறைகளில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இந்த ஆட்கள்தான். நம்ம தி.நகரில் 'அசல் தென்னிந்திய டிசைன்' என்று எடுத்த நகையைச் செய்தவர் அன்று மதியம் மீன் குழம்பு சாப்பிட்ட மிதுனாபூர்க்காரராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாம் வேலை தேடி இங்கே வந்தோம். அவர்கள் வேலை தேடி அங்கே போனார்கள். வழியில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நம்ம கோரமண்டல் எக்ஸ்பிரஸும் அவங்களோடதும் தாண்டியிருக்கும்.

"ஏன் திரும்பி வந்துட்டீங்க?"

"கொரோனாங்ணா. வேலை இல்லை, ரூம் வாடகை கட்ட முடியலை. வந்தவன் அப்படியே இருந்துட்டேன். நெஞ்சும் சரியில்லைங்ணா."

நெஞ்சு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 'கேடிஎம் நகை' என்று ஒரு காலத்தில் பெருமையாகக் கேட்டு வாங்கினோமே, அந்தக் கேடிஎம் என்பது காட்மியம். பழைய முறையில் பற்றுப்பொடியில் செம்பு, வெள்ளி கலந்திருப்பதால் ஒட்டின இடத்தில் தங்கத்தின் தரம் குறையும். காட்மியம் கலந்தால் சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும், தரம் குறையாது. ஆவி எங்கே போகும்? ஊதுகிறவருடைய நுரையீரலுக்கு. ஹால்மார்க் விதிகளில் இப்போது அதற்கு இடமில்லை. நாம் 'நைண்ட்டி டூ கேடிஎம்' என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் மூச்சில் அது போயிருக்கிறது. தங்கமணி இதைக் கேட்டதிலிருந்து தன் வளையலைப் போட மாட்டேன் என்கிறாள். வளையலைக் கழற்றினால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அதற்கும் பதில் வரலை.

பக்கத்தில் ஒருவர் சங்கு வளையலுக்குத் தங்கப் பூண் கட்டிக்கொண்டிருந்தார். இங்கே கல்யாணமான பெண்களுக்கு வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்புப் பவள வளையலும்தான் தாலி மாதிரி. 'ஷாங்கா - பொலா' என்பார்கள். அந்தச் சங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? காலம் காலமாக மன்னார் வளைகுடாவிலிருந்து. தூத்துக்குடி, ராமேஸ்வரம், கீழக்கரை, அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். மெட்ராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டார். கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டதைச் சொல்லி, ஒரு காலத்தில் நாமே வளையல் அறுத்தோம் என்று காட்டுகிறார். மதுரைக்காஞ்சியிலும் சங்கறுத்து வளையல் கடைகிறவர்கள் வருகிறார்கள். நம்மிடம் அந்தத் தொழில் நின்றுபோய், நம்ம ஊர் முத்துக்குளிப்பவர் மூச்சடக்கி எடுத்த சங்கு டாக்காவுக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து வங்காளத்து மருமகள் கையில் ஏறியது. எடுத்தவருக்கும் பெயர் இல்லை, அறுத்தவருக்கும் பெயர் இல்லை. பொண்ணு அந்த வளையலைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி டிசைனர்களைத் திட்டப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். டிசைனர் இல்லாமல் காரிகர் இதே சீதாஹாரைத் தாத்தா செய்த மாதிரியே செய்துகொண்டு, கடைக்காரர் தருகிற கிராம் கூலியில் காலம் தள்ள வேண்டியதுதான். புதிதாக ஒன்றைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பொண்ணு காட்டிய இன்னொருவர் இதே ஊரின் ஈனா அலுவாலியா. 2003இல் தொடங்கியவர், நெதர்லாந்தின் நகைக் கலைஞர் ரூட் பீட்டர்ஸிடம் பயின்றவர். 2011இல் லாக்மே ஃபேஷன் வீக்கில் 'திருமண உறுதிமொழிகள்' என்ற பொருளில் ஒரு தொகுப்பு காட்டினார். மணப்பெண் கழுத்தில் சீக்கியரின் கிர்பான் வாள் வடிவம். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு எதிராக, உன்னைக் காக்கும் ஆயுதத்தை நீயே அணிந்துகொள் என்று. நகை என்பது சீர்வரிசைக் கணக்கு என்றே வளர்ந்த எனக்கு, நகை ஒரு வாக்கியம் பேசும் என்பது புதுசு. தாகூர் எழுதி சத்யஜித் ராய் 1961இல் படமாக்கிய 'மணிஹாரா'வில் நகைமேல் பித்துப்பிடித்த மனைவி எலும்புக்கூடாக நகைகளோடு திரும்பி வருவாள். அங்கிருந்து கிர்பானுக்கு அரை நூற்றாண்டு. என்னைக் கேட்டால் புலியைவிடக் கிர்பான்தான் பெரிய வேலை. பொண்ணு ஒத்துக்கொள்ளலை.

சப்யசாச்சி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கொல்கத்தாவில் நிறையக் கைவினைஞர்களுக்கு வேலை கொடுப்பவர், கைவேலையை உலகத்திடம் தலை நிமிர்ந்து பேசியவர், சந்தேகமே இல்லை. அவரே 2021இல் ஹெச் அண்ட் எம் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியக் கைவேலை பாணி அச்சுகளை மெஷினில் அடித்து விற்றபோது, கைவினை அமைப்புகள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதின. எங்க பெயரும் எங்க கையும் இல்லாமல் எங்க வடிவமா என்று. 2018இல் தீபிகா படுகோனின் கொங்கணிக் கல்யாணப் புடவையை எல்லோரும் அவர் பெயரில் எழுதினார்கள். பிறகு அது பெங்களூர் கடை ஒன்றில் மணப்பெண்ணின் அம்மா வாங்கிக் கொடுத்தது என்று அவரே விளக்கம் கொடுத்தார். அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பாருங்கள், அதிலும் கடைவரைக்கும்தான் வந்தோம். நெய்தவர்வரைக்கும் போகலை.

2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரலிலிருந்து ஆறு எழுத்தெண் கொண்ட குறியீடு இல்லாமல் நகை விற்கக் கூடாது. அந்த எண்ணைச் செயலியில் போட்டால் எந்தக் கடை, எந்த மையத்தில் சோதித்தது, எத்தனை காரட் எல்லாம் வருகிறது. நல்ல ஏற்பாடு, ஏமாற்று குறைந்தது. செய்தவர் பெயருக்கு மட்டும் கட்டம் இல்லை. மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், இன்னொரு கட்டம் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை.

படி இறங்கும்போது காரிகர் எங்களோடு தெருமுனை வரை வந்தார். பக்கத்தில்தான் ஸ்யாக்ரா பாடா லேன், அதாவது 'தட்டாரத் தெரு'. 2019 ஆகஸ்ட் 31 ராத்திரி கிழக்கு - மேற்கு மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீரோட்டத்தைக் குத்திவிட்டது. அந்த இயந்திரத்தின் பெயர் 'சண்டி'. (துர்க்கையின் பெயர்தான் வைத்தார்கள். நம்ம ஊரில் சண்டி என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லலை போல.) துர்கா பிதுரி லேன், ஸ்யாக்ரா பாடா லேனில் வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. நூற்றுக்கணக்கானவர்களை ஹோட்டல்களுக்கு மாற்றினார்கள். பட்டறைகள் மூடின. 2022 மே மாதமும் அக்டோபரிலும் மறுபடி விரிசல். 2025 ஆகஸ்ட் 22 முதல் எஸ்பிளனேடுக்கும் சியால்டாவுக்கும் இடையே அந்தச் சுரங்கத்தில் ரயில் ஓடுகிறது. நானே அதில்தான் செக்டர் ஃபைவ் ஆபீஸுக்குப் போகிறேன். இந்த இடத்தைத் தாண்ட ரெண்டு மூணு நிமிஷம்கூட ஆகாது.

"அங்கதாங்ணா என் மாமா பட்டறை இருந்துச்சு" என்று கையைக் காட்டினார். தகரத் தடுப்பு தெரிந்தது.

பொண்ணு அவரிடம் கேட்டாள், "அண்ணா, நீங்க செய்யற நகையில உங்க பேரை எங்கேயாவது போடுவீங்களா?" அவர் சிரித்துவிட்டார். "கடைக்காரர் அடிப்பாரும்மா." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எங்க மாமா கொக்கிக்கு உள்பக்கம் ஒரு சின்னப் புள்ளி வைப்பாரு. அவரு வேலைன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போனில் கேட்டேன். கும்பகோணத்துப் பத்தர் பெயர் என்ன என்று. அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். "பத்தர்னுதான்டா கூப்பிடுவோம்" என்றாள். அறுபது வருஷத்துக்கு மேல் கழுத்தில் போட்ட நகை.

நிஃப்ட் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டியாச்சு, புத்தகம் எதையும் விற்கலை. கூடவே இன்ஜினீயரிங்கும் எழுதுவதாக ஒப்பந்தம். தங்கமணியின் யோசனை என்னவென்றால், பொண்ணு லீவில் அந்தப் பட்டறையில் ஒரு மாசம் உட்கார்ந்து கம்பி இழுக்கக் கற்றுக்கணும். அவரும் சரி என்றிருக்கிறார், "முதல்ல செம்புக் கம்பிதாங்ணா, தங்கம் தர மாட்டேன்" என்ற கண்டிஷனோடு.

அட்டிகை அடுத்த வியாழக்கிழமை கிடைக்கும். கொக்கியின் உள்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துட்டுச் சொல்கிறேன்.